நாலாவது தாள்

(குவாதலூப் தீவு, கபெஸ்தேர் கரும்புத் தோட்டம், 1855)

அந்தத் தாளை எடு மகளே. இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாயே, அதைத்தான். பயப்படாதே, பிடுங்கிக்கொள்ள மாட்டேன். பிடுங்கி என்ன செய்யப் போகிறேன்? எனக்குப் படிக்கத் தெரியாது, உனக்கும் தெரியாது. படிக்கத் தெரியாதவர்கள் கையில்தான் இந்தத் தீவில் எப்போதும் தாளைக் கொடுப்பார்கள்.

நான் பேசுவது உனக்குப் புரியவில்லை, தெரியும். நீ பேசுவதும் எனக்குப் புரியாது. கூழாங்கல்லை நாக்கில் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதில் 'அம்மா' மட்டும்தான் என் காதுக்குப் பிடிபடுகிறது. பரவாயில்லை. புரிந்தவர்களிடம் ஆரம்பித்துப் பார்த்துவிட்டேன். கால்வாசி சொல்வதற்குள் பேரப்பிள்ளைகள் "போதும் பாட்டி" என்று எழுந்து போகிறார்கள். பாதிரியார் மன்னித்துவிடு என்றார். யாரை? வந்து கேட்டால் அல்லவா மன்னிக்க?

போன கிறிஸ்துமஸுக்கு ஓரேலி என்ற கப்பலில் உங்கள் ஊர்க்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் புவாந்தாபித்ரில் இறங்கினார்கள். அதில் நீயும் ஒருத்தி. ஐந்து வருஷம் வேலை, சம்பளம், அரிசி, பிறகு ஊருக்குத் திரும்ப இலவசக் கப்பல். தாளில் அப்படிப் போட்டிருக்கிறதாம். நேற்று சாயங்காலம் நீ அதைப் பிரித்து, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மோந்து பார்த்து, மறுபடி மடித்து முடிந்துகொண்டதைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. ஐம்பத்து மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். இனி முடியாது.

என் வாழ்நாளில் நான் பார்க்கிற நாலாவது தாள் இது.

முதல் தாள் 1794-ல் வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். என் பிறப்பை எழுதிய தோட்டத்துக் கணக்கில் கன்றுக்குட்டிகள் எனக்கு மேலே இருந்தனவோ கீழே இருந்தனவோ. அந்த ஏப்ரலில் இங்கிலீஷ்காரன் தீவைப் பிடித்திருந்தான். பாரிசில் ராஜாவின் தலையையே வெட்டிவிட்டார்கள், அடுத்து அடிமைகளை அவிழ்த்துவிடுவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்த முதலாளிகளுக்கு இங்கிலீஷ்காரன் வந்தது நிம்மதி. அவர்கள் நடுங்கியதிலும் தப்பில்லை. பிப்ரவரி 4-ஆம் தேதியே பாரிசின் மக்கள் மன்றம் அடிமைத்தனம் ஒழிந்தது என்று தீர்மானம் போட்டிருந்தது. எங்களுக்குத்தான் தெரியாது. ஜூன் மாதம் விக்டர் ஹ்யூக் என்பவன் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்களோடு கொசியே கரையில் இறங்கினான். இரண்டு சாமான் கொண்டுவந்தான். ஒன்று அந்தத் தீர்மானத்தை அச்சடித்த தாள். இன்னொன்று கில்லட்டின்.

இரண்டும் ஒரே கப்பலில் வந்தனவே, அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? யார் யோசித்தார்கள்! தாளை முற்றத்தில் நின்று சத்தமாகப் படித்தார்கள். அந்தப் பிரெஞ்சு எங்களுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கங்காணி தன் சாட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான், அது புரிந்தது. அம்மா அழவில்லை, ஆடவில்லை. குடிசைக்குள் போய், சுட்ட மரவள்ளிக் கிழங்கில் முழுசாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். முழுக் கிழங்கு. அதுவரை நான் பாதிக்கு மேல் தின்றதில்லை.

அண்ணனுக்குப் பதினேழு. மறுநாளே துப்பாக்கி வாங்கப் போய்விட்டான். அவனைப் போல ஆயிரக்கணக்கானவர்கள். செருப்பு இல்லாத கால், மேலே நீலச் சட்டை. ஹ்யூக்கின் வெள்ளைச் சிப்பாய்கள் மஞ்சள் காய்ச்சலில் சாகச் சாக, இந்தப் பிள்ளைகள்தான் இங்கிலீஷ்காரனோடு மோதினார்கள். டிசம்பருக்குள் அவனைத் தீவை விட்டே துரத்தினார்கள். கேட்டுக்கொள் மகளே, பிரான்ஸ் இழந்த தீவைப் பிரான்சுக்கு மீட்டுக் கொடுத்தது எங்கள் பிள்ளைகள். புவாந்தாபித்ரில் ஒரு சதுக்கத்துக்கு வெற்றிச் சதுக்கம் என்று பெயர் வைத்து, மரம் நட்டார்கள். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள். திரும்ப வரும்.

அம்மாவைக் 'குடிமகள்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை அவள் எத்தனை தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்! துணி துவைக்கும்போது, மாவு சலிக்கும்போது, எனக்குப் பேன் பார்க்கும்போது. குடிமகள், குடிமகள். ஆனால் விடிந்தால் அதே கரும்புக் காடு. படையில் சேராதவர்கள் எல்லோரும் பழைய தோட்டத்திலேயே வேலை செய்தாக வேண்டும் என்று ஹ்யூக் உத்தரவு போட்டான். கூலி உண்டு என்றான். பிறகு தருவோம் என்றான். கணக்கெடுக்க வந்தபோது வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று பத்தி போட்டு எங்களைக் கறுப்பில் எழுதிக்கொண்டு போனார்கள். எல்லோரும் சமம் என்றால் பத்தி எதற்கு? கேட்க நாக்கு எழவில்லை. சதுக்கத்தில் கில்லட்டின் நின்றுகொண்டிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா ஒருநாள் வேலைக்குப் போகவில்லை. மலைப்பக்கம் போய்ச் சொந்தமாக ஒரு கைப்பிடி நிலம் கொத்தப் போனாள். விடுதலை என்றால் அதுதான் என்று நினைத்திருக்கிறாள் பாவி. மூன்றாம் நாள் ரோந்து வந்து அவளையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தது. ரோந்தில் நடுவில் நடந்தவன் என் அண்ணன். நீலச் சட்டை, தோளில் துப்பாக்கி. அம்மா அவனைப் பார்த்தாள். அவன் கரும்பைப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரி வந்து குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான், உள்ளே வரவில்லை. அம்மா ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்து வாசலுக்குத் தள்ளிவிட்டாள்.

எங்கள் கையாலேயே எங்களைப் பிடிக்க வைத்தார்களே, அதற்கு எந்தப் பாதிரியாரிடம் மன்னிப்பு வாங்குவது?

1795-ல் அண்ணனைப் படகில் ஏற்றி செயின்ட் லூசியா தீவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அடிமைகளை விடுவிக்கப் போகிறோம் என்று பாடிக்கொண்டு போனான். கிரனடா, செயின்ட் வின்சென்ட் என்று தீவு தீவாகத் தீ பரவியது. மறு வருஷம் இங்கிலீஷ்காரன் பெரும்படையோடு வந்து அவர்களை மடக்கிப் பிடித்தான். அண்ணனைக் கொண்டுபோய் இங்கிலாந்தில் போர்ட்செஸ்டர் என்ற பழைய கோட்டையில் அடைத்தான். ஆண், பெண் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் எங்கள் ஆட்கள் அங்கே. அந்தக் குளிரில் அண்ணனின் இடது காலில் இரண்டு விரல் கறுத்து உதிர்ந்துவிட்டன. ஆனாலும் கேள், இங்கிலீஷ்காரன் அவனை விற்கவில்லை. பிரெஞ்சுப் படைவீரன், போர்க்கைதி என்று எழுதி வைத்து, கைதிக்குக் கைதி கணக்குப் பார்த்துப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினான். எதிரியின் கணக்கில் என் அண்ணன் பிரெஞ்சுக்காரன்!

1799 கடைசியில் புது அதிகாரிகள் வந்த கப்பலில் அவனும் வந்து இறங்கினான். நொண்டிக்கொண்டே வந்தான். அதே கோட்டைச் சிறையில் கிடந்த லூயி டெல்க்ரெஸும் அந்தச் சமயத்தில்தான் திரும்பி வந்தார். அவர் மார்த்தினிக் தீவுக்காரர், கலப்பு நிறம், பெரிய படிப்பாளி. அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் பஸ்தேருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா கோட்டைச் சிப்பாய்களுக்குத் துணி துவைத்தாள். நான் பொத்தான் தைத்தேன், கிழிசல் தைத்தேன்.

ராத்திரிகளில் அண்ணன் கதை சொல்வான். சிறையில் அவன் பக்கத்தில் ஒரு டச்சுக் கப்பல்காரன் படுத்திருந்தானாம். "எங்கள் ஊருக்கும் 1795-ல் உங்கள் பிரெஞ்சுப் படை விடுதலை கொண்டுவந்தது. நாங்கள் தெருவில் ஆடினோம். பிறகு பத்துக் கோடி கில்டர் கட்டு என்றார்கள். இருபத்தைந்தாயிரம் சிப்பாய்க்குச் சோறு போடு, துணி கொடு என்றார்கள். எங்கள் விடுதலைக்கு நாங்களே வாடகை கட்டுகிறோம்" என்று சிரித்தானாம். பிரான்சில் துறைமுகத்தில் காத்துக் கிடந்தபோது இத்தாலிக்குப் போய் வந்த சிப்பாய்கள் வேறு கதை சொன்னார்களாம். வெனிஸ் என்று ஒரு பழைய குடியரசு. 1797 மே மாதம் விடுதலை என்று உள்ளே போனார்கள், அக்டோபரில் அதை ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்குக் கைமாற்றிவிட்டார்கள். கைமாற்றியவன் பொனபார்ட் என்ற சின்ன வயசுத் தளபதி. அந்த ஊர்க் கோயில் முகப்பிலிருந்த நாலு வெண்கலக் குதிரைகளைக்கூட இறக்கிப் பாரிசில் ஊர்வலம் விட்டார்களாம்.

நான் கேட்டேன்: "அப்படியென்றால் நம்மையும் கைமாற்றுவார்களா அண்ணா?"

அவன் சிரித்தான். "அது அயலூர், தங்கச்சி. நாம் பிரெஞ்சுக் குடிமக்கள். பெற்ற பிள்ளையை யாராவது விற்பார்களா?"

விற்பார்களா? நீ சொல் மகளே. கடல் தாண்டிப் படை எடுத்துப் போகிறவன் வாயில் எந்தச் சொல் இருந்தால் என்ன? அவன் குதிரையை எடுப்பான், ஓவியத்தை எடுப்பான், ஊரையே எடுத்து விற்பான், பிள்ளையை மட்டும் விட்டுவிடுவானா? அண்ணனுக்கு அது ஏன் தோன்றவில்லை? செத்த விரல்களோடு வந்தவனுக்கு ஏன் தோன்றவில்லை? எனக்கு இப்போதும் அவன்மேல் கோபம் வருகிறது. இவ்வளவு வருஷம் கழித்து, செத்தானா இருக்கிறானா என்றே தெரியாதவன்மேல்.

அண்ணன் திரும்பி வந்த நேரத்தில்தான் பாரிசில் அந்தப் பொனபார்ட் ஆட்சியைப் பிடித்திருந்தான். புதுச் சட்ட சாசனம் எழுதினார்கள். அதில் காலனிகளுக்குத் தனிச் சட்டம் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. பிரெஞ்சு மண்ணில் ஒரு சட்டம், எங்கள் மண்ணில் வேறு சட்டம். அந்த வரிக்குள் எங்கள் எல்லோரையும் உருட்டித் தள்ள இடம் இருந்தது. 1801-ல் பொனபார்ட் லக்ரோஸ் என்பவனைத் தலைமை அதிகாரியாக அனுப்பினான். குடியரசின் சேதியை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவன் என்று ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட அதே லக்ரோஸ். வந்ததும் வராததுமாகக் கறுப்பு அதிகாரிகளைப் பிடித்து நாடுகடத்த ஆரம்பித்தான். அக்டோபரில் படை பொறுக்கமாட்டாமல் எழுந்து அவனையே கப்பலேற்றி விட்டது. அப்போதும் நாங்கள் கொடியை இறக்கவில்லை. பெலாஜ் என்ற கலப்பு நிற அதிகாரி பிரான்ஸ் பேரிலேயே தீவை ஆண்டார், விசுவாசம் விசுவாசம் என்று பாரிசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்தோடு சமாதானம் ஆனது, கடல் திறந்தது. கடல் திறந்தால் என்ன வரும்?

1802 ஏப்ரல். அண்ணனின் கம்பெனியைப் புவாந்தாபித்ருக்கு மாற்றினார்கள். போவதற்கு முதல்நாள் சட்டையிலிருந்து ஒரு பொத்தான் கழன்றுவிட்டது. பித்தளைப் பொத்தான், வட்டமாக எழுத்து. பிரெஞ்சுக் குடியரசு என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறான். "தைத்துக் கொடு" என்று போட்டுவிட்டுப் போனான். நான் மறந்துவிட்டேன். பதினாறு வயசுக் கழுதை, எங்கேயோ ஆற்றுக்குப் போய்விட்டேன். காலையில் பொத்தான் இல்லாமல் கிளம்பும்போது என்னைத் திட்டினான். பிரான்சிலிருந்து பெரிய தளபதி வருகிறார், வரிசையில் நிற்க வேண்டும், நெஞ்சுக்கு நேரே ஓட்டையோடு நிற்பதா என்று திட்டினான். அவன் கடைசியாக என்னிடம் பேசியது அந்தத் திட்டுதான்.

மே 6-ஆம் தேதி அந்தத் தளபதி, ரிஷ்பான்ஸ், மூவாயிரத்து ஐந்நூறு பேரோடு வந்து இறங்கினான். பெலாஜ் பேண்டு வாத்தியம் வைத்து வரவேற்றார். எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சாயங்காலம் ஊருக்கு வெளியே மைதானத்துக்கு வரச் சொல்லி, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கப்பலுக்குப் போங்கள் என்றார்கள். கீழ்ப்படிந்தவர்களைக் கப்பலின் அடித்தட்டில் தள்ளி மூடினார்கள். அடித்தட்டு, புரிகிறதா? எங்கள் பாட்டிகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதே இடம். சந்தேகப்பட்ட சிலர் இருட்டில் இஞ்ஞாஸ் என்ற தளபதியோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். என் அண்ணன் ஓடவில்லை. நொண்டிக்கால் காரணமா? இல்லை. அவன் கீழ்ப்படிந்தான். பெற்றவள் பிள்ளையை விற்கமாட்டாள் என்று கீழ்ப்படிந்தான்.

பஸ்தேரில் டெல்க்ரெஸ் படையைக் கூட்டினார். மே 10-ஆம் தேதி சுவரில் ஒரு அறிக்கை ஒட்டினார்கள். அதை எழுதிக் கொடுத்ததில் ஒரு வெள்ளைக்காரருக்கும் கையுண்டு. அவரைப் பின்னால் தூக்கில் போட்டார்கள். அறிக்கையின் தலைப்பிலேயே டெல்க்ரெஸ் முழு உலகத்தையும் கூப்பிட்டிருந்தார், இது குற்றமற்றவர்களின் கடைசிக் கூக்குரல் என்று. கூட்டத்தில் ஒருவர் படிக்க, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வருங்காலத்துப் பிள்ளைகளை எங்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடச் சொல்லி அதில் கேட்டிருந்தது. முழு உலகம் கேட்டதா? பாரிசில் மனித உரிமை என்று எழுதி அச்சடித்தார்களே, அந்தக் கைகள் கேட்டனவா? எங்கள் பிள்ளைகள் மீட்டுக் கொடுத்த சர்க்கரையைக் காப்பியில் போட்டுக் குடித்துக்கொண்டு இருந்தவர்களில் ஒருவராவது கோப்பையைக் கீழே வைத்தார்களா?

சேன் ஷார்ல் கோட்டைக்குள் நாங்கள் பத்து நாளுக்கு மேல் இருந்தோம். பெண்கள் குண்டு சுமந்தோம். அம்மா துணி துவைத்த அதே தொட்டியில் மருந்துத் துணி அலசினாள். டெல்க்ரெஸ் பீரங்கி வாயில் உட்கார்ந்து வயலின் வாசித்தார் என்று இப்போது பாடுகிறார்கள். நான் வயலின் கேட்கவில்லை. நான் கேட்டது தண்ணீர் தண்ணீர் என்ற சத்தம்தான். வெளியே இருந்து சுட்டவர்கள் பாடிய பாட்டு என்ன தெரியுமா? நாங்கள் எட்டு வருஷமாகப் பாடிய அதே விடுதலைப் பாட்டு. இரண்டு பக்கமும் அதே கொடி. சுவருக்கு மேலே எங்கள் கொடி எது, கீழே அவர்கள் கொடி எது என்று தெரியவில்லை மகளே!

மே 22 ராத்திரி கோட்டையை விட்டு வெளியேறினோம். இஞ்ஞாஸ் ஒரு பக்கம் போனார். மூன்றாம் நாள் புவாந்தாபித்ருக்குப் பக்கத்தில் அவரையும் அவர் ஆட்களையும் கொன்றுவிட்டார்கள். பிடிபட்டவர்களில் நூறு பேரை எங்கே நிறுத்திச் சுட்டார்கள் தெரியுமா? வெற்றிச் சதுக்கத்தில். ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அங்கேதான். அவர்களே ஜெயித்துக் கொடுத்த வெற்றி, அவர்களே நிழலில் உட்கார்ந்த மரம்.

டெல்க்ரெஸோடு நாங்கள் மலை ஏறினோம். மத்தூபா, எரிமலையின் மடி. மேலே ஒரு தோட்ட வீடு. முந்நூறு பேர் இருப்போம். டெல்க்ரெஸுக்கு முழங்காலில் அடி. வீட்டைச் சுற்றி வெடிமருந்துப் பீப்பாய்களை வைத்தார்கள். 28-ஆம் தேதி காலையில், போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். அம்மா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, ஒரு சுரைக்குடுவையைக் கொடுத்து, "ஆற்றில் தண்ணீர் மொண்டு வா" என்றாள். வீட்டுக்குள் தண்ணீர் இருந்தது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தே போனேன்.

பள்ளத்தில் பாறைக்குக் கீழே குடுவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் சாய்ந்த நேரம். முதலில் சத்தம் இல்லை, தண்ணீர்தான் நடுங்கியது. ஆற்று மேல் வட்டம் வட்டமாக. பிறகுதான் சத்தம். பிறகு இலைகள், காப்பி இலைகள், பச்சையாக, ரொம்ப நேரம் விழுந்துகொண்டே இருந்தன.

குடுவையில் தண்ணீர் ததும்பி நின்றது. யாருக்குக் கொண்டுபோவது?

இரண்டாவது தாள் ஜூலை 17-ஆம் தேதி. ரிஷ்பான்ஸ் கையெழுத்து. குடிமகன் என்ற பட்டம் இனி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். கறுப்பர்கள் பழைய தோட்டத்துக்குத் திரும்பவும். பாரிசில் மே 20-ஆம் தேதியே ஒரு சட்டம் போட்டுவிட்டார்களாம், இங்கிலாந்து திருப்பிக் கொடுக்கிற தீவுகளில் அடிமைத்தனம் முன்போலவே நடக்கட்டும், ஆள் வியாபாரமும் நடக்கட்டும் என்று. மே 20! நாங்கள் கோட்டைக்குள் குண்டு சுமந்துகொண்டிருந்தோம்.

அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்த அந்தச் சொல். சட்டையைப் போலக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கொடுக்காமலே இருந்திருந்தால்? அடிமையாகப் பிறந்தோம், அடிமையாகச் செத்தோம் என்று போயிருக்கும். எட்டு வருஷம் நிமிர வைத்து, நிமிர்ந்த முதுகில் துப்பாக்கியை மாட்டி, உங்கள் போரையெல்லாம் எங்களை வைத்து ஜெயித்து, அப்புறம் "குனி" என்றீர்களே! எந்த முதுகைக் குனியச் சொன்னீர்கள் தெரியுமா? இங்கிலாந்துக் குளிரில் உங்களுக்காகக் கிடந்த முதுகை. ராஜா காலத்து முதலாளி எங்களைப் பொய் சொல்லி அடிக்கவில்லை, சாட்டையைக் காட்டி அடித்தான். நீங்கள் அண்ணன் என்று கட்டிப்பிடித்து அடித்தீர்கள். உங்களில் ஒருவன், ஒரே ஒருவன், அந்தக் கப்பலில் வரும்போது வெட்கப்பட்டானா? கொடிக் கம்பத்தைப் பார்த்துத் தலை குனிந்தானா?

ரிஷ்பான்ஸ் செப்டம்பரில் காய்ச்சலில் செத்தான். நாங்கள் சண்டை போட்ட கோட்டைக்கு அவன் பெயரை வைத்தார்கள். டெல்க்ரெஸுக்கு ஒரு கல்கூட இல்லை. சொலித்யூத் என்று ஒருத்தி, எங்களோடு இருந்தவள், நிறைமாசத்தில் பிடிபட்டாள். பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். இரக்கம் என்று நினைக்காதே. பிள்ளை ஒரு முதலாளியின் சொத்து, அது வீணாகக் கூடாது. நவம்பர் 29-ஆம் தேதி, பிள்ளை பெற்ற மறுநாள், அவளைக் கொன்றார்கள். ஊரே பார்க்கப் போனது. நான் போகவில்லை.

பிறகு நாற்பத்தாறு வருஷம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் உன் ஐந்து வருஷம் முடிந்துவிடும். நாலு பெற்றேன், இரண்டு இருக்கிறது. அடித்தட்டில் ஏற்றியவர்களைப் பற்றி ஒவ்வொரு துறைமுகக்காரனிடமும் கேட்டேன். கார்சிகா தீவில் சாலை போட வைத்திருக்கிறார்கள் என்றான் ஒருவன். பொனபார்ட் பிறந்த ஊர். அண்ணன் அங்கே கல் உடைத்தானோ, கடலில் போனானோ.

மூன்றாவது தாள் 1848 மே 27. மறுபடி விடுதலை. மறுபடி குடியரசு, மறுபடி குடிமகள். எல்லோரும் ஆடினார்கள். எனக்கு அறுபது தாண்டியிருந்தது, திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். மறு வருஷம் நஷ்டஈடு என்று கொடுத்தார்கள். எங்களுக்கு இல்லை மகளே, முதலாளிகளுக்கு. எங்கள் தீவில் ஒரு அடிமைக்கு 470 ஃபிராங்க் வாக்கில். இருமுறை திருடியவனுக்குத் திருட்டுப்பொருளின் விலையைக் கொடுத்தார்கள். இப்போது பாரிசில் சக்கரவர்த்தியாக உட்கார்ந்திருப்பவன் யார் தெரியுமா? அந்தப் பொனபார்ட்டின் தம்பி மகன்.

விடுதலையானவர்கள் அந்தக் கூலிக்குக் கரும்பு வெட்ட மாட்டோம் என்றோம். அதனால் உன்னைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு உங்கள் மேல் கோபம், கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்று. எனக்கு இல்லை. நேற்று கங்காணி உன்னிடம் கத்தினான், நீ அதே மாதிரி நின்றாய். என் அம்மா நிற்பாளே, அதே மாதிரி, ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து.

இந்தா பார், இதுதான் பொத்தான். பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்தே ஐம்பத்து மூன்று வருஷம் வைத்திருக்கிறேன். அண்ணன் சட்டையில் தைக்காததை என் துணியில் தைத்தேன். எழுத்து தேய்ந்துவிட்டது. தொட்டுப் பார், ஆனால் தரமாட்டேன். இது என்னோடு மண்ணுக்குள் வரும்.

உனக்கு வேறு வைத்திருக்கிறேன். மீன்வலை பின்னுகிற நூல், சீக்கிரம் இற்றுப்போகாது. தாளை அவர்கள் படிப்பார்கள். காய்ச்சலில் படுத்த நாளைக் கழிப்பார்கள், மழை நாளைக் கழிப்பார்கள், ஐந்து வருஷத்தை ஏழு என்பார்கள். நீ உன் கணக்கை வை. பௌர்ணமிக்கு ஒரு முடிச்சு. அறுபது முடிச்சானதும் இதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசைமேல் போடு, இரண்டு கூடுதலாகவே போடு, சண்டை வராது.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு எத்தனை பௌர்ணமி? நிலா, நிலா. வட்டமாக, இதோ இப்படி. எத்தனை?

மூன்று விரலா. சரி. இறுக்கிப் போடு, இன்னும் இறுக்கி. ஒன்று.